சத்துவாச்சாரியில் கடித்த ஃபெரெட் குட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

விலங்கும் வீடும்

ஆண் ஃபெரெட் குட்டி. ஃபெரெட் என்பது பார்வைக்குக் கீரியைப் போலிருக்கும் ஒரு வளர்ப்பு விலங்கு. வயது ஏறத்தாழ மூன்று மாதம். வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு ஒன்றில் குடியிருக்கும் குடும்பம், சென்னையில் ஒரு வளர்ப்புப் பிராணி வியாபாரியிடம் வாங்கியது. உடம்பு இளம்பழுப்பு, கால்களும் வாலும் கருமை, நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை அகலமான வெள்ளைப் பட்டை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் அதற்கு மக்கன் என்று பெயர் வைத்திருந்தாள். ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாதான் காரணம்.

புகார் ஒன்றுதான்: கடிக்கிறது. தோல் கிழிந்து ரத்தம் வரும் அளவுக்குக் கடிக்கிறது, கவ்விய பிடியை விடுவதில்லை. வீட்டில் ஐந்து பேர். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கையுறை தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் தந்தை, தாய், அந்தப் பெண், ஐந்து வயதுத் தம்பி, தந்தையின் தாயார். பாட்டியைத் தவிர எல்லோர் கையிலும் பல் தடம் இருந்தது. பாட்டி கிட்டேயே போகவில்லை. தந்தை தொழிற்சாலையிலிருந்து கனமான கையுறை ஒன்றைக் கொண்டுவந்து, அதை மாட்டிக்கொண்டுதான் கூண்டைத் திறந்தார். அவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் வந்தபோது குட்டியைப் பழக்குவது பற்றிக் கேட்கவே இல்லை. “யாராவது வாங்கிக்கொள்வார்களா, டாக்டர்?” என்றுதான் கேட்டார்கள்.

இதற்கிடையில் கீழ்வீட்டுக்காரர் ஒருவர், இவர்கள் கீரிப்பிள்ளையைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று வனத்துறைக்குச் சொல்லப்போவதாக மிரட்டியிருந்தார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆனால் மக்கன் கீரி அல்ல. கீரி, பூனை வகைக்கு நெருங்கியது. ஃபெரெட் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து மனிதர் பழக்கி உருவாக்கிய வளர்ப்பு விலங்கு. முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதற்காக வளர்த்தார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, ஸ்பெயின் பகுதியில் முயல் தொல்லையை ஒழிக்க இப்படிப்பட்ட விலங்குகளுக்கு வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். அதாவது, இவற்றின் வாயைப் பற்றி மனிதர் கவலைப்படத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

ஏற்கெனவே செய்து பார்த்தவை

வியாபாரி சொன்னது: பல் முளைக்கும் பருவம், தானாகச் சரியாகிவிடும். இது அரை உண்மை. ஃபெரெட் குட்டிக்கு நிரந்தரக் கோரைப்பற்கள் ஏழாவது வாரம் வாக்கிலேயே வெளிவரத் தொடங்கிவிடும். மூன்று மாதக் குட்டியின் கடியைப் பல் முளைப்பதன் தலையில் கட்டிவிட முடியாது. மக்கனின் வாயைத் திறந்து பார்த்தேன். பற்கள் சரியாக வந்திருந்தன, ஈறில் வீக்கம் இல்லை.

அடுத்தது, காணொளிகளில் பார்த்த முறை. கடித்த உடனே உரக்க “ஆ!” என்று கத்துவது. உடன்பிறந்த குட்டிகள் அப்படித்தான் கீச்சிட்டு ஒன்றுக்கொன்று எல்லையைக் கற்றுக்கொடுக்கின்றன என்பது அதன் தர்க்கம். வீடே கத்தியது. குட்டி கண்டுகொள்ளவில்லை. பிறகு மூக்கில் சுண்டினார்கள். பிடரியைப் பிடித்து உலுக்கினார்கள். பாட்டியின் யோசனைப்படி விரலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டார்கள். குழந்தை விரல் சூப்புவதை நிறுத்த அந்தக் காலத்தில் செய்த வைத்தியம் அது. மக்கன் அதையும் கடித்தது, தரையில் வாயைத் தேய்த்தது, திரும்ப வந்து இன்னும் அழுத்திக் கடித்தது. மிளகாய்த்தூள் வரை பேச்சு போயிருந்தது. நல்லவேளை, பேச்சோடு நின்றது.

கையுறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வைக்கு அதுதான் மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. உண்மையில் அதுதான் அதிகக் கெடுதல் செய்தது. கையுறை போட்டவருக்கு வலிக்காது, அதனால் அவர் கையை எடுப்பதில்லை. எவ்வளவு அழுத்தினாலும் எதிர்ப்பு இல்லாத ஒரு கையைத்தான் குட்டி தினமும் சந்திக்கிறது. மெல்லக் கடித்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. போதாததற்குப் பதனிட்ட தோலின் மணம் வேறு. மறுநாள் அதே குட்டி சிறுவனின் வெறுங்கையிலும் அந்த அழுத்தத்தையே காட்டும்.

குறிப்பேடு

கடிக்கும் விலங்கு எதுவானாலும் நான் முதலில் கேட்பது ஒரு குறிப்பேடு. யாரைக் கடித்தது என்பதைவிட, கடிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது என்பது முக்கியம். அந்தப் பெண் கோடு போட்ட நோட்டு ஒன்றில் நேரம், இடம், ஆள், குட்டி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, ஆள் என்ன செய்தார் என்று பத்தி பிரித்து எழுதினாள். பெரியவர்கள் எழுதியிருந்தால் “சும்மா கடித்தது” என்று முடித்திருப்பார்கள். அவள் “அம்மா பின்பக்கமிருந்து தூக்கினார்” என்று எழுதினாள்.

ஒரு வாரக் குறிப்பைப் படித்தபோது ‘கடி’ என்ற ஒரே சொல்லுக்குக் கீழே வெவ்வேறு சங்கதிகள் கிடப்பது தெரிந்தது. தூங்கும்போதோ முதுகைக் காட்டி நிற்கும்போதோ தொட்டால் வந்த கடி ஒரு ரகம். இதுதான் ஆழமானது, ரத்தம் வந்ததெல்லாம் ஏறக்குறைய இந்த ரகம். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் கைவிரலைத் தேடி வந்து கவ்வியது இன்னொன்று. தாயின் கால்விரல்களை, குறிப்பாக மெட்டி போட்ட விரலைத் துரத்தியது வேறு. தம்பி ஓடும்போது குதிகாலில் விழுந்ததும் அதோடு சேர்ந்ததே. கையுறையைக் கண்டதும் பாய்ந்தது கடைசி ரகம். அது கற்றுக்கொண்ட பகை.

கால்விரல் சங்கதி எளிது. ஃபெரெட்டுக்குத் தூரப்பார்வை கூர்மையில்லை. அசைவைத்தான் நன்றாகப் பிடிக்கும். வளைக்குள் ஓடும் இரையைத் துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட விலங்கு, தரைமட்டத்தில் மினுங்கிக்கொண்டு நகரும் ஒன்றை எப்படி விடும்? உடன்பிறப்புகளின் பிடரித் தோல் தடிமனானது. அங்கே கவ்வி இழுத்தால் யாருக்கும் காயமில்லை. அதே பலம் மனிதத் தோலில் விழும்போதுதான் நமக்கு அது வன்முறையாகத் தெரிகிறது.

முதல் ரகம்தான் என்னை யோசிக்க வைத்தது.

காது

நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் வெள்ளைப் பட்டை அழகுக்காக விரும்பி வாங்கப்படுவது. ஃபெரெட்களில் இந்த வெள்ளைப் பட்டைக்கும், தலை முழுக்க வெள்ளையாக இருக்கும் வகைக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் கருவில் ஓரிடத்தில் தோன்றி உடம்பெங்கும் பரவுகின்றன. அதே செல்கள் உட்செவிக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒலியை உணரும் பகுதி உயிரோடிருக்க அவை தேவை. அவை தலைப்பக்கம் போதுமான அளவு சென்று சேராவிட்டால் ரோமமும் வெளுக்கிறது, காதும் கேட்காமல் போகிறது. வெள்ளைப் பூனைகளிலும் டால்மேஷன் நாய்களிலும் நாம் பார்ப்பது இதே கதைதான்.

தாயிடம் கேட்டேன். “குக்கர் விசில் அடித்தாலும் எழுந்திருக்காது டாக்டர், அப்படி ஒரு தூக்கம்” என்றார். இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஃபெரெட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். அதில் சில நேரத் தூக்கம் செத்துப்போனதோ என்று பயமுறுத்தும் அளவுக்கு ஆழமானது. காது நன்றாகக் கேட்கும் ஃபெரெட்டும் குக்கருக்கு எழாமல் இருக்கலாம். ஆனால் பாட்டி சொன்ன ஒரு விஷயம் கூடுதல் துப்பு கொடுத்தது. அம்மியில் இஞ்சி தட்டினால் மட்டும் மக்கன் தலையைத் தூக்கிப் பார்க்குமாம். குக்கரின் ஒலி காற்றில் வருகிறது. அம்மியின் அதிர்வு தரை வழியே வருகிறது.

சோதனையை அது விழித்திருக்கும்போது செய்தேன். மேசைமேல் தடித்த இலவம்பஞ்சுத் தலையணை, அதன்மேல் குட்டி, அதன் கவனம் முன்னால் இருக்கும் தட்டில். பின்னாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாவிக்கொத்து, கீச்சிடும் ரப்பர் பொம்மை, எஃகுத் தம்ளரில் கரண்டித் தட்டல். கை தட்டுவதைத் தவிர்த்தேன், காற்று அசைவே காட்டிக்கொடுத்துவிடும். காது திரும்பவில்லை, மீசைகூட நகரவில்லை. மேசைக்காலை லேசாக உதைத்ததும் உடனே திரும்பிப் பார்த்தது. காதுக்குள் உண்ணித் தொற்று இல்லை. செம்பழுப்பு மெழுகு இருந்தது, ஃபெரெட்டுக்கு அது இயல்பு. மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் சோதனைதான் செவிட்டுத்தன்மையை ஐயமறச் சொல்லும். இந்த வீட்டில் செய்ய வேண்டியது அந்த முடிவால் மாறப்போவதில்லை என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

இதற்குப் பிறகு குறிப்பேடு வேறு விதமாகப் படிக்கக் கிடைத்தது. முதுகுப்பக்கம் வந்த கடிகள் எல்லாம் திடுக்கிடலின் கடிகள். யாரோ நெருங்குவது தெரியாமல், மேலிருந்து ஒரு கை திடீரென்று வந்து உடம்பைப் பற்றினால், பருந்துக்கு இரையாகக்கூடிய அளவுள்ள எந்த விலங்கும் பல்லைத்தான் முதலில் காட்டும். கத்தல்கள் எதுவும் அதைப் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர்ந்ததெல்லாம் மூக்கில் விழுந்த சுண்டல், உலுக்கல், வேப்பெண்ணெயின் கசப்பு. காரணம் புரியாத தண்டனை மட்டும் கைவழியே வந்துகொண்டிருந்தது. கூடப் பிறந்த குட்டிகள் கீச்சிட்டபோதும் அது கேட்டிருக்காது என்பதால், மற்றக் குட்டிகளுக்குக் கிடைக்கும் தொடக்கப் பாடமும் இதற்குக் கிடைக்காமல் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

வயிறும் வெயிலும்

மாலைக் கடிக்குக் காரணம் பசி. காலையும் இரவும் பாலில் பிசைந்த சோறு, இடையில் பிஸ்கட், செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாட்களில் கொஞ்சம் கோழி. இதுதான் அதன் சாப்பாடு. ஃபெரெட் முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. அதன் குடல் குட்டையானது, பெருங்குடல்வாய் என்ற பகுதியே கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். சோற்றையும் மாவுப்பொருளையும் செரிக்க அதற்குக் கருவியில்லை, பாலோ பேதியாக்கும். காலை எட்டு மணிக்குத் தின்ற பால்சோற்றோடு மாலை வரை இருக்கும் வளரும் குட்டி, கோழிக் குழம்பு மணக்கும் விரலைத் தேடி வந்து கவ்வுவதைக் கெட்ட பழக்கம் என்று எப்படிச் சொல்வது? எடையும் வயதுக்குக் குறைவாகவே இருந்தது.

தரமான பூனைக்குட்டி உலர் தீவனத்தை எந்நேரமும் கிண்ணத்தில் வைக்கச் சொன்னேன். புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாமல், கொழுப்பு 15 முதல் 20 சதவீதம், மாவுப்பொருள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதோடு கோழி இறைச்சி, ஈரல், இதயம். ஃபெரெட் குட்டி முதல் சில மாதங்களில் பழகிய மணத்தையே உணவாக ஏற்கும். வளர்ந்தபின் புதிதாக ஒன்றைக் கொடுத்தால் பட்டினி கிடந்தாலும் தொடாது. ஆகவே இப்போதே பல இறைச்சிகளையும் மணம் காட்டிவிட வேண்டும். பாட்டி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: வெள்ளிக்கிழமை ஈரல் தன் அடுப்பில் வேகக் கூடாது. முதல்நாளே வேகவைத்து எடுத்து வைப்பது என்று உடன்பாடு ஆயிற்று.

வெயில் பற்றி எழுதாவிட்டால் இது வேலூர் ஆய்வு ஆகாது. இங்கே கோடையில் வெயில் சதமடிப்பது செய்தியே அல்ல. 106, 108 டிகிரி பாரன்ஹீட் வந்தால்தான் பத்திரிகைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். ஃபெரெட்டுக்கு வியர்த்துக் குளிரும் வசதி கிடையாது. அது சுகமாக இருப்பது 15 முதல் 21 டிகிரி செல்சியஸில். 30ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு அபாயம் தொடங்குகிறது. மக்கனின் கூண்டு மொட்டைமாடிக்கு நேர் கீழே, பகலெல்லாம் கொதிக்கும் கான்கிரீட் கூரையின் கீழ் இருந்தது. மின்விசிறி அனல்காற்றைத்தான் சுழற்றியது. தூக்கம் கெட்டு, மூச்சிரைத்து, எரிச்சலோடு விழிக்கும் குட்டியிடம் நல்ல நடத்தையை எதிர்பார்ப்பது அநியாயம்.

இந்த ஊரில் ஃபெரெட் வளர்க்கலாமா என்று வாங்குவதற்கு முன் என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். குளிர்சாதன அறையை ஆண்டில் பாதி மாதங்கள் ஓடவிடத் தயாராக இல்லாதவர்களுக்கு இந்த விலங்கை விற்பதே தவறு. வாங்கியாகிவிட்டது என்பதால், பெற்றோரின் குளிர்சாதனப் படுக்கையறையின் மூலைக்குக் கூண்டு மாறியது. மின்வெட்டு நேரத்துக்கு, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்களைத் துண்டில் சுற்றி வைக்கும் ஏற்பாடும் செய்தோம்.

கையை மறுபடி அறிமுகப்படுத்துதல்

உணவும் இடமும் மாறிய சில நாட்களுக்குள் மாலைக் கடிகள் கணிசமாகக் குறைந்தன. அதில் பயிற்சிக்குப் பங்கே இல்லை. மீதமிருந்ததற்குத்தான் பயிற்சி.

முதல் விதி, அறிவிக்காமல் தொடக் கூடாது. கூண்டை நெருங்குபவர் தரையில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்ட வேண்டும். குட்டி தலைதூக்கிப் பார்த்த பிறகு, விரல்களை மடக்கிய கையின் பின்புறத்தை மூக்குக்கு எதிரே, சற்றுக் கீழாக நீட்ட வேண்டும். அது முகர்ந்து முடித்தபின் நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கடியில் ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும். மேலிருந்து அள்ளக் கூடாது. தூங்கும்போது எழுப்பியே ஆக வேண்டுமென்றால், முட்டை மஞ்சள்கரு தொட்ட கரண்டியை மூக்கருகே பிடித்தால் போதும், மணமே எழுப்பிவிடும். நீளக் காம்புள்ள கரண்டியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தின்பண்டத்தை விரலில் தடவி நக்கக் கொடுப்பது பாசமாகத் தெரியும்; விரலும் தின்பண்டமும் ஒன்றே என்று அது கற்றுக்கொடுக்கும். சமைத்த கையோடு கூண்டைத் திறக்க வேண்டாம் என்றதும் அதற்காகவே.

இரண்டாவது, கடித்தால் என்ன செய்வது. கையை இழுக்கக் கூடாது. இழுத்தால் இரை தப்பி ஓடுவதாக எடுத்துக்கொண்டு அழுத்தும், தோலும் கிழியும். கவ்விய நிலையிலேயே குட்டியைத் தரையில் இறக்கி, நான்கு கால்களும் ஊன்றும்படி விட வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது பிடியை விட அதற்கு மனம் வராது. தரை கிடைத்ததும் பெரும்பாலும் விட்டுவிடும். விட்டதும் விரித்த உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே ஒரு கணம் காட்டிவிட்டு, வெறுமையான பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு மூன்று நிமிடம் தனியே விட வேண்டும். திட்டு வேண்டாம், முறைப்பு வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். கூண்டைத் தண்டனைக் கொட்டடியாக்கக் கூடாது, அது தூங்குமிடம். காதுள்ள குட்டிக்கு “வேண்டாம்” என்ற சொல் செய்யும் வேலையை இதற்கு அந்த விரித்த கை செய்தது. ஐந்து பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் கடினம்.

துரத்திக் கவ்வும் ஆசையை அடக்கச் சொல்லவில்லை. அதற்கு வேறு இரை கொடுத்தோம். பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் ஒரு கால், நீளக் கயிற்றின் முனையில் முடிந்த துணி, கட்டட வேலையில் மிஞ்சிய அகலமான பிவிசி குழாய்த் துண்டு. குழாய்க்குள் துணியை இழுத்தால் மக்கன் பித்துப்பிடித்ததுபோல் பின்னால் ஓடியது. ரப்பர் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஹவாய் செருப்பைக் கடித்து விழுங்கிக் குடல் அடைத்து ஃபெரெட் சாவது உலகமெங்கும் நடப்பது. வாசலில் கிடந்த செருப்புகளெல்லாம் அலமாரிக்குள் போயின. தாய் விளையாட்டு நேரத்தில் தடித்த காலுறை போட்டுக்கொண்டார், சித்திரை மாத வேலூரில் காலுறை! தம்பிக்கு மட்டும் தடை போட்டேன்: மக்கன் வெளியே இருக்கும்போது அவன் கட்டிலின்மேல். கயிற்றை அங்கிருந்தே ஆட்டலாம், இறங்கி ஓடக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓடாதே என்பதைவிடக் கட்டிலில் நின்று குதி என்பது ஏற்கத்தக்க சட்டம்.

தந்தையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. கையுறையை விடமாட்டேன் என்றார். வாதாடாமல், இனி அவர் மக்கனைத் தூக்கவே வேண்டாம், தரையில் தட்டிக் கரண்டியை நீட்டும் வேலை மட்டும் அவருடையது என்று பிரித்துக் கொடுத்தேன். கையுறை தொழிற்சாலைக்கே திரும்பிப் போனது.

தனிமைத் தொட்டி தொடங்கிய முதல் சில நாட்களில் கடி குறையவில்லை, கூடியது. இதுவரை கடித்தால் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை என்றால், விலங்கு முதலில் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பல வீடுகளில் பயிற்சி அந்த வாரத்தோடு செத்துவிடும். மூன்றாவது வாரம் வாக்கில் பெண்ணின் குறிப்பேட்டில் புதுவகைப் பதிவு வந்தது: “கடிக்க வாயைத் திறந்தது, நான் கையைக் காட்டினேன், நக்கிவிட்டுப் போய்விட்டது.”

நடுவில் ஒரு கடி

குடியாத்தத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர், தூங்கிக்கொண்டிருந்த மக்கனைத் தட்டாமல், காட்டாமல், ஆசையோடு அள்ளித் தூக்கினார். விரலில் ஆழமான கடி. வீட்டார் மஞ்சள்தூளை எடுத்துவிட்டார்கள். நல்லவேளையாகப் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

பாலூட்டி விலங்கு எது கடித்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பிப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போகாத விலங்குதானே என்று ரேபிஸை ஒதுக்கும் முடிவை வீட்டில் எடுக்கக் கூடாது. உறவினர் அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்கினார். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். நாய், பூனையைப் போலவே ஃபெரெட்டையும் பத்து நாள் அடைத்துக் கண்காணிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அதையே நானும் பின்பற்றினேன், குட்டி நலமாக இருந்தது. கண்காணிப்பு முடியட்டும் என்று மனிதருக்கு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன்.

கண்காணிப்பு முடிந்ததும் மக்கனுக்குச் செயலிழந்த வைரஸ் கொண்ட ரேபிஸ் ஊசி போட்டேன். வியாபாரி கொடுத்த அட்டையில் நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடும்படி எழுதியிருந்தது. மறுத்துவிட்டேன். நாய்களின் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் ஏறக்குறைய நிச்சயச் சாவு என்பது உண்மை. ஆனால் நாய்க்கான உயிருள்ள டிஸ்டெம்பர் தடுப்பூசிகளில் சில, தாமே ஃபெரெட்டுக்கு அந்த நோயைக் கொடுத்திருக்கின்றன.

இந்தக் கடியை நான் பயிற்சியின் தோல்வியாகக் கணக்கிடவில்லை. செவிட்டுக் குட்டி திடுக்கிட்டால் கடிக்கும், வளர்ந்தபிறகும் கடிக்கும். விருந்தாளிகள் வரும்போது கூண்டுக்குப் பூட்டு என்ற விதி அன்றுமுதல் சேர்ந்தது.

இப்போதைய நிலை

இதை எழுதும்போது மக்கனுக்கு ஐந்து மாதம் நெருங்குகிறது. பெண்ணிடமும் தாயிடமும் விளையாட்டில் கவ்வும்போது தோலில் குழி விழுகிறது, ரத்தம் வருவதில்லை. மெட்டியை இன்னும் விடவில்லை. தந்தை தரையில் தட்டினால் ஓடிவந்து கரண்டியை நக்குகிறது, அவர் தூக்க முயல்வதில்லை. பாட்டி இப்போது கூண்டுக்கருகே நாற்காலி போட்டு உட்காருகிறார், காலை மட்டும் மேலே மடித்துக்கொண்டு. எடை வயதுக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிட்டது. விற்கும் பேச்சு அடங்கிவிட்டது.

அடுத்த சிக்கல் தெரிந்ததுதான். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் பருவம் வரும்போது ஆண் ஃபெரெட்டின் மணம் கூடும், பிடரியைக் கவ்வி இழுக்கும் வேகமும் கூடும். அதற்குள் விதைநீக்கம் பற்றி முடிவு எடுத்தாக வேண்டும். அறுவை செய்தால் கடி தணியும் வாய்ப்பு அதிகம். ஆனால் இளவயதில் விதைநீக்கம் செய்த ஃபெரெட்களில் பிற்காலத்தில் அட்ரினல் சுரப்பி நோய் அதிகம் காணப்படுகிறது. தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் உள்பதியம் வெளிநாடுகளில் மாற்று வழியாக இருக்கிறது. சென்னையில் அது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் மயக்கமருந்துப் பாதுகாப்புக்காகக் கோடை கழிந்து, குளிர்ந்த மாதம் ஒன்றில் அறுவையை வைத்துக்கொள்வதாகக் குடும்பத்தோடு பேசி முடித்திருக்கிறோம். அதுவரை பெண் குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதுகிறாள். புதிய பத்தி ஒன்றும் சேர்த்திருக்கிறாள், அறை வெப்பநிலைக்கு.